கொள்ளுத்தாத்தாவின் தடம்: வடசென்னையில் ஒரு சாதாரண மனிதரின் பதிவுகளைத் தேடும் முறை

குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்குகிறவர்களில் பலர் வம்சம் முழுவதையும் ஒரே சமயத்தில் தேடப் புகுந்து, சில வாரங்களில் சோர்ந்துவிடுகிறார்கள். முதலில் ஒருவரை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். அவர் பதவியோ சொத்தோ பெரிதாக இல்லாமல், உழைத்து வாழ்ந்து மறைந்தவராக இருக்கலாம். வடசென்னையில் நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் அப்படிப்பட்டவர்களே. நான் தேர்ந்துகொண்டவர் என் அப்பாவின் தாத்தா. புளியந்தோப்பில் குடியிருந்தார், பக்கிங்ஹாம் ஆலையில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தார் என்ற இரண்டு செய்திகளுக்கு மேல் எங்கள் வீட்டில் எவருக்கும் அவரைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை. மூன்று ஆண்டுகள் தேடியதில் நான் கற்றுக்கொண்டவற்றை, புதியவர்களுக்குப் பயன்படும் வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

தேடல் எப்போதும் இறப்பிலிருந்து பிறப்பை நோக்கிச் செல்ல வேண்டும். இறப்பு நமக்கு அண்மையில் இருப்பது; அதை நினைவில் வைத்திருப்பவர்களும் அதற்கான தாள்களும் கிடைப்பதற்கு வாய்ப்பு அதிகம். கிடைக்கும் ஒவ்வொரு தாளிலும் ஒரு தேதி, ஓர் இடம், ஓர் உறவினர் பெயர் ஆகிய மூன்றையும் தேடி எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தாள் எந்த அலுவலகத்தில், எந்த ஆண்டின் பதிவேட்டில் இருக்கக்கூடும் என்பதை இம்மூன்றில் ஏதேனும் ஒன்று சொல்லிவிடும்.

வீட்டில் இருப்பவை

அலுவலகங்களுக்குப் போகும் முன்பு, பரணையும் ட்ரங்குப் பெட்டியையும் சாமி படங்களின் பின்புறத்தையும் பாருங்கள். பழைய குடும்ப அட்டை, மின்கட்டண அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, வருங்கால வைப்பு நிதிக் கணக்குத் தாள், இ.எஸ்.ஐ. அட்டை, கூட்டுறவுச் சங்கப் புத்தகம் ஆகிய எதையும் குப்பை என்று ஒதுக்க வேண்டாம். சுவரில் மாலையிட்டு மாட்டியிருக்கும் படத்தின் அடியில் ‘தோற்றம்’, ‘மறைவு’ என்று இரண்டு தேதிகள் இருக்கும். அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் உடனே நம்பிவிட வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சீர்வரிசைப் பாத்திரங்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பித்தளை அண்டாவிலும் குடத்திலும் கொடுத்தவர் பெயரையும் தேதியையும் வெட்டிக் கொடுப்பது நம் வழக்கம். எங்கள் வீட்டில் தண்ணீர் பிடித்துவைத்த ஓர் அண்டாவின் கழுத்தில், புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிய பிறகுதான், கொள்ளுப்பாட்டியின் தமையன் பெயரும் ஊர்ப் பெயரும் தெரிந்தன. அந்த ஊர்ப் பெயரை அதற்கு முன்பு நாங்கள் எவரும் கேள்விப்பட்டதில்லை.

திருமணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மொய் நோட்டு ஆகிய மூன்றும் நம்மவர்களின் மிகச் சிறந்த குடும்பப் பதிவேடுகள். கருமாதிப் பத்திரிகையில் மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் என்று அனைவரும் வரிசையாக இருப்பார்கள். மொய் நோட்டில் பெயருக்கு முன்னால் ஊர் எழுதப்பட்டிருக்கும். ஒரே ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் மொய் எழுதியிருந்தால் அந்த ஊரோடு உங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் அல்லது பெண் எடுத்த உறவு இருந்திருக்க வேண்டும். நம் பகுதியில் எத்தனையோ குடும்பங்களின் தாள்களைக் குடிசைத் தீ கொண்டுபோயிருக்கிறது. மிஞ்சியதை 2015 டிசம்பர் வெள்ளம் போன்ற வெள்ளங்கள் கொண்டுபோயின. அப்படி இழந்தவர்கள் சம்பந்தி வீடுகளிலும் பங்காளி வீடுகளிலும் கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் எரிந்துபோன பத்திரிகையின் இன்னொரு பிரதி, மேட்டில் இருந்த ஒரு வீட்டின் பீரோவில் பத்திரமாக இருக்கக்கூடும்.

பெரியவர்களிடம் கேட்பது

இதைத் தள்ளிப்போடக் கூடாது. பதிவேடு அடுத்த ஆண்டும் இருக்கும். ஆயா இருப்பார் என்று சொல்ல முடியாது. ‘தாத்தா எந்த ஆண்டு பிறந்தார்?’ என்று கேட்டால் ‘எனக்கென்னப்பா தெரியும்’ என்றுதான் பதில் வரும். ஆகவே நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள். எம்டன் கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு வீசியது 1914 செப்டம்பர் 22. பின்னி ஆலையில் (பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளைத்தான் அப்படிச் சொல்வார்கள்) நீண்ட வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் நடந்தது 1921. ஜப்பான் குண்டு போடும் என்று பயந்து ஊரைக் காலி செய்து போனது 1942 ஏப்ரல். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. ‘ஊரைக் காலி பண்ணிப் போனபோது அப்பா கைக்குழந்தையா, நடக்கிற பிள்ளையா?’ என்ற கேள்விக்குப் பெரியவர்கள் தயங்காமல் பதில் சொல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சிலர் தமிழ் ஆண்டின் பெயரைச் சொல்வார்கள். அறுபது ஆண்டுச் சுழற்சியில் அதே பெயர் மீண்டும் வருமாயினும், ஒரு மனிதரின் வாழ்நாளைக் கொண்டு எந்தச் சுற்று என்று எளிதில் தீர்மானிக்கலாம். பார்த்திப ஆண்டு ஆவணி என்றால் அது 1945 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. ஆண்டு சித்திரையில் தொடங்குவதால், தை, மாசி, பங்குனியில் பிறந்தவருக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

உறவுச் சொற்களில் கவனமாக இருக்க வேண்டும். ‘பெரியப்பா’ என்று சொல்லப்படுகிறவர் அப்பாவின் கூடப் பிறந்த அண்ணனாக இருக்கலாம். அப்பாவின் சித்தப்பா மகனாகவும் இருக்கலாம். ஒரே தெருவில் வாழ்ந்த, இரத்த உறவு இல்லாத மூத்தவராகவும் இருக்கலாம். ஒவ்வொருவரையும் பற்றி ‘ஒரே வயிற்றில் பிறந்தவரா?’ என்று தனியாகக் கேட்டு எழுதுங்கள். அக்காள் மகளை மணந்த குடும்பங்களில் ஒரே ஆள் மாமாவாகவும் கணவராகவும் இரண்டு இடங்களில் வருவார்; கிளைப்படம் வரையும்போது அவரை இரண்டு பேராக எழுதிவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை. இன்னொரு பிழை, பெயரால் வருவது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது. ஆகவே ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை மீண்டும் வரும். ஒரு பத்திரத்தில் பெயர் பொருந்துகிறது என்பதற்காக அவர் நம் ஆள் என்று முடிவு செய்யக் கூடாது. தகப்பன் பெயரும் குடியிருந்த இடமும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

கேட்கும்போது சில கதவுகள் மூடியே இருக்கும். இரண்டாம் தாரம், வீட்டை விட்டுப் போனவர், தற்கொலை, மதம் மாறியது, சாதி மாறி மணந்தது ஆகியவற்றைப் பெரியவர்கள் சொல்லத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். வேறொரு நாள் அவர்களே சொல்வதும் உண்டு.

இறப்பு, பிறப்புப் பதிவேடுகள்

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டு 1970 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே நம் மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஒன்று இருந்தது. ஆகவே ‘அந்தக் காலத்தில் பதிவே கிடையாது’ என்ற பேச்சைக் கேட்டுத் தேடாமல் விட்டுவிட வேண்டாம். எல்லோரும் பதிந்தார்களா என்பது வேறு கேள்வி. வீட்டுப் பிரசவத்தில் பிறந்தவர்கள் பலர் விடுபட்டிருக்கிறார்கள். மருத்துவமனையில் பிறந்தவர்களுக்கும் மயானத்தில் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டவர்களுக்கும் பதிவு கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

இங்கே ஒரே ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சமாகும்: பதிவு, நிகழ்ந்த இடத்தில்தான் இருக்கும், குடியிருந்த இடத்தில் இருக்காது. திருவொற்றியூரில் வாழ்ந்த ஒரு பெண் இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பிள்ளை பெற்றிருந்தால் அந்தப் பிறப்பு சென்னை மாநகராட்சியின் பதிவேட்டில் இருக்கும். அதே பெண் திருவொற்றியூரிலேயே வீட்டில் பெற்றிருந்தால் அது அன்றைய திருவொற்றியூர் நகராட்சியின் பதிவேட்டில் இருக்கும். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் ஆகியவை 2011-இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தன. அதற்கு முன்பு அவை தனி நகராட்சிகள். 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்திலும் அதன் பிறகு திருவள்ளூர் மாவட்டத்திலும் இருந்தன. உங்கள் தாளில் ‘செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்’ என்று எழுதியிருந்தால் திகைக்க வேண்டாம். அது இன்றைய மணலியாகவோ பொன்னேரியாகவோ இருக்கலாம்.

இதே விதியிலிருந்து இன்னொன்றும் பிறக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் முறை. எனவே தலைச்சன் பிள்ளையைத் தேடுகிறவர்கள் தகப்பன் குடியிருந்த பகுதியில் தேடிக் களைத்துப்போகாமல், தாய்வீட்டு ஊரின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். தாய்வீடு எதுவென்றே தெரியாதபோது, தலைச்சன் பிள்ளை பிறந்த ஊர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பாட்டிகளின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க எனக்குக் கைகொடுத்தது பெரும்பாலும் இந்த வழிதான். ஏனென்றால் மற்றப் பதிவுகளில் பெண்கள் ‘இன்னார் மனைவி’ என்ற அளவிலேயே நின்றுவிடுகிறார்கள்.

பதிவேட்டில் தேடும்போது பிள்ளையின் பெயரைத் தேடக் கூடாது. பிறந்த சில நாட்களில் பதிவு செய்யப்படுவதால் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்றுதான் இருக்கும். தகப்பன், தாய் பெயர்களையும் தெருவையும் தேடுங்கள். பதிவான நாளின் வரிசையில் பக்கங்கள் அமைந்திருப்பதால், பிறந்த தேதிக்குப் பிந்தைய சில வாரங்களையும் பார்க்க வேண்டும். அண்மைக் காலப் பதிவுகளை மாநகராட்சியின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். பழையவற்றுக்கு மண்டல அலுவலகத்தின் பொதுச் சுகாதாரப் பிரிவில் எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும். கட்டணம் செலுத்தி எவரும் பதிவேட்டில் தேடச் செய்து பகர்ப்புப் பெறச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இடமளிக்கிறது. இறப்புச் சான்றில் இறப்பின் காரணம் மட்டும் வெளியிடப்படாது. மனுவில் ஒரே தேதியை எழுதாமல் ‘1968 முதல் 1972 வரை’ என்று ஆண்டு வரம்பைக் கொடுங்கள். பதிவு இல்லை என்று சொன்னால் அதையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அதே இடத்தில் மீண்டும் தேடாமல் இருக்க அது உதவும்.

நான் முதலில் சென்ற ஓர் அலுவலகத்தில், அந்த ஆண்டுக்கான பதிவேடே இல்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காவது முறை, நான் கேட்டது வேறு கோட்டத்தின் பதிவேடு என்பது தெரிந்தது. பல ஆண்டுகளாக அவர்களது அலமாரியில்தான் அது இருந்தது. கோட்டங்களின் எல்லைகள் பலமுறை மாறியுள்ளன. ஆகவே தெருவின் பெயரோடு அருகிலுள்ள கோயில், மருத்துவமனை, பெரிய சாலை ஆகியவற்றையும் சொல்லிக் கேளுங்கள்.

கொள்ளுத்தாத்தாவின் இறப்புச் சான்று 1971-ஆம் ஆண்டுக்கு உரியது. அதில் ‘நிரந்தர முகவரி’ என்ற இடத்தில் பொன்னேரி வட்டத்தின் ஒரு சிற்றூர் எழுதப்பட்டிருந்தது. அவர் சென்னையிலேயே பிறந்தவர் என்று மூன்று தலைமுறையாக நாங்கள் நம்பிவந்தது அந்த ஒரு வரியில் கலைந்தது. அண்டாவில் இருந்த ஊர் அதற்கு அடுத்த ஊர். படத்தின் அடியில் இருந்த ‘மறைவு’ தேதியோ சான்றிலிருந்து பதினொரு நாட்கள் விலகியிருந்தது. வீட்டில் ஆண்டுதோறும் திதியைப் பார்த்தே நீத்தார் கடன் செய்து வந்ததால் ஆங்கிலத் தேதி மறந்துபோய், படம் சட்டமிடும் நாளில் யாரோ குத்துமதிப்பாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஐப்பசி வளர்பிறை சப்தமி என்று பெரிய அத்தை சொன்ன திதியை அந்த ஆண்டின் பழைய பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அது சான்றில் இருந்த தேதியோடு சரியாகப் பொருந்தியது. திதி தெரிந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர்களும் இடங்களும் மாறும் விதம்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பதிவேடுகளில் ‘முனுசாமி’ என்ற ஒரே பெயரை ஐந்தாறு விதமாக எழுதியிருப்பார்கள். சாமிக்கு ‘ஸ்வாமி’, ‘சுவாமி’, ‘சாவ்மி’ என்று எழுத்தர் காதில் விழுந்தபடி எல்லாம் வரும். தலைப்பெழுத்து தகப்பனுடையதா, ஊருடையதா என்பதைப் பாருங்கள். தெலுங்கு பேசும் குடும்பங்களில் வீட்டுப் பெயரின் எழுத்தும் முன்னால் வரும். இடங்களும் இப்படியே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முந்தைய தாள்களில் ஜார்ஜ் டவுன் என்ற பெயர் இருக்காது. ‘பிளாக் டவுன்’ என்றே இருக்கும். 1970-களின் இறுதியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பட்டங்கள் நீக்கப்பட்டதால், பழைய தாளில் உள்ள தெருவும் இன்றைய தெருவும் பெயரில் வேறுபடலாம். கதவு எண் பழையதா, புதியதா என்று குறிக்காமல் ஒருபோதும் எழுதிவைக்க வேண்டாம்.

பூர்வீகம் வடக்கே இருப்பவர்கள் எல்லைகள் மாறியதையும் அறிந்திருக்க வேண்டும். திருத்தணி வட்டம் 1960 ஏப்ரல் 1-இல்தான் ஆந்திரத்திலிருந்து நம் மாநிலத்துக்கு வந்தது. அதற்கு முன்பு அது சித்தூர் மாவட்டம். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் முன்பு வட ஆற்காடு மாவட்டம். சூளூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு 1953 அக்டோபர் 1-க்குப் பிந்தைய தாள்கள் ஆந்திரத்தில் இருக்கும்.

பள்ளியும் வேலையும்

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயர், தொழில், முகவரி, முன்பு படித்த பள்ளி ஆகியவை கிடைக்கும். மாநகராட்சிப் பள்ளிகளில் தலைமை ஆசிரியரிடம் காரணத்தை விளக்கி மனுக் கொடுத்தால் பெரும்பாலும் பார்த்துச் சொல்கிறார்கள். பிறந்த தேதியை மட்டும் அதிலிருந்து எடுக்க வேண்டாம். வலக்கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்ட காலம் அது. ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் அந்தப் பதிவேடுகளில் அளவுக்கு மீறி அதிகமாக இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

வேலைக்கான தாள்களை நான் மிகவும் மதிக்கிறேன். வடசென்னையைக் கட்டியவை ஆலையும் இரயிலும் துறைமுகமும். இராயபுரத்திலிருந்து முதல் இரயில் ஆற்காட்டுப் பக்கத்து வாலாஜா ரோடு நிலையத்துக்குப் புறப்பட்டது 1856 ஜூலை 1-இல். பெரம்பூரில் இரயில்வே பணிமனை, பின்னர் 1955 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஐ.சி.எப். இரயில் பெட்டித் தொழிற்சாலை, புளியந்தோப்பை ஒட்டிப் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகள் என்று ஒவ்வொன்றும் பல்லாயிரம் குடும்பங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. இரயில்வேயில் பணியாற்றியவருக்குப் பணிப் பதிவேடு இருக்கும். அதில் சேர்ந்த நாள், பிறந்த தேதி, அங்க அடையாளம், சொந்த ஊர், வாரிசு நியமனம் ஆகியவை உண்டு. இலவசப் பயணப் பாஸ் பெறுவதற்காகக் கொடுத்த குடும்ப விவரத்தில், சார்ந்திருந்த விதவைத் தாயும் மணமாகாத தங்கையும்கூட இடம்பெற்றிருப்பார்கள். ஓய்வூதிய ஆணையின் எண்ணும் கடைசியாகப் பணியாற்றிய பிரிவின் பெயரும் கையில் இருந்தால், பணியாளர் பிரிவுக்கு எழுதிக் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனுச் செய்யவும் வழி உண்டு; முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இறந்தவருடன் உங்களுக்குள்ள உறவைக் காட்டும் தாள்களை மனுவோடு இணையுங்கள்.

தனியார் ஆலையில் உழைத்தவர்களுக்கு இந்த வசதி இல்லை. பின்னி ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. என் கொள்ளுத்தாத்தா 1940-களிலேயே ஓய்வு பெற்றவர். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-இல்தான் வந்தது. ஆகவே அவருக்குக் கணக்கு எண் என்று ஒன்று இல்லை. அப்போது எனக்கு உதவியது உடன் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளின் நினைவு. 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்ட பிறகு இந்த ஆலைத் தொழிலாளர்களின் போராட்டங்கள் நாளிதழ்களிலும் அரசு ஆவணங்களிலும் நிறையவே பதிவாகியுள்ளன. தனி மனிதரின் பெயர் அவற்றில் கிடைப்பது அரிது. ஆனால் 1921-இல் அவர் ஏன் சில மாதங்கள் ஊருக்குத் திரும்பிப் போனார் என்று ஆயா சொன்ன கதைக்கு விளக்கம் அங்கேதான் கிடைத்தது.

பத்திரங்களும் நீதிமன்றமும்

சொந்த வீடு இல்லாத குடும்பம் என்று நினைத்து இப்பகுதியைக் கடந்துவிட வேண்டாம். அடமானம், குத்தகை, ஊரில் இருந்த கால் ஏக்கர், கிராம நத்தத்தில் ஒரு மனை என்று ஏதேனும் ஒரு பத்திரத்தில் அவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருக்கக்கூடும். பழைய பத்திரம் ஒருவரை ‘இன்னார் குமாரர், வயது இவ்வளவு, ஜீவனம் இன்னது, இன்ன கதவு எண்ணில் இருப்பவர்’ என்று முழுமையாக அறிமுகம் செய்கிறது. தகப்பன் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று இருந்தால், அந்தத் தேதிக்கு முன்பே தகப்பன் இறந்துவிட்டார் என்று வரம்பு கட்டலாம். சக்குபந்தியில், அதாவது சொத்தின் எல்லை விவரத்தில், நான்கு எல்லைகளிலும் உள்ளவர்களின் பெயர்களை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பாகம் பிரித்த சொத்தில் பக்கத்து மனைக்காரர் பெரும்பாலும் கூடப் பிறந்தவராகவே இருப்பார்.

பல சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதலான வில்லங்க விவரங்களைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் செய்ய வேண்டும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் உள்ள முதல் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். அங்கே நகல் வாங்கும்போது பழைய எழுத்தைப் படிக்கக் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள்: ௳ என்பது நாள், ௴ என்பது மாதம், ௵ என்பது ஆண்டு, ௸ என்பது மேற்படி. தமிழ் எண்களில் ௧௯௩௮ என்று இருந்தால் அது 1938.

உயில் எழுதியவர்களுக்கு இன்னொரு இடம் உண்டு. 1870-ஆம் ஆண்டின் இந்து உயில் சட்டம் சென்னை நகரத்துக்கும் பொருந்தியதால், நகர எல்லைக்குள் சொத்து வைத்திருந்த இந்துக்களின் உயில்களுக்கு நீண்ட காலம் நீதிமன்றத்தில் புரோபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) பெற வேண்டியிருந்தது. அந்த மனுக்களில் இறந்த தேதியும் வாரிசுகள் அனைவரின் பெயர், வயது, முகவரியும் இருக்கும். பரம்பரை நெசவாளரோ சிறு கடைக்காரரோ ஆனாலும், வண்ணாரப்பேட்டையில் ஓட்டு வீடு ஒன்று இருந்திருந்தால் இந்த வழியையும் பார்த்துவிடுவது நல்லது.

ஆலயம், பள்ளிவாசல், குலதெய்வம், மயானம்

கத்தோலிக்கக் குடும்பங்கள் பேறு பெற்றவை என்பேன். இராயபுரத்தின் இராயப்பர் ஆலயம் போன்ற பழைய பங்குகளில் (ஓர் ஆலயத்தைச் சார்ந்த வட்டாரமே பங்கு) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. ஞானப் பெற்றோரின் பெயர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவினருடையவை. ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் பிற்காலத்துத் திருமணக் குறிப்பும் எழுதப்பட்டிருக்கலாம். எந்தப் பங்கில் ஓலை வாசித்தார்கள் (திருமண அறிவிப்பைப் படித்தார்கள்) என்று பெரியவர்களிடம் கேட்டால் பெண் வீட்டுப் பங்கும் தெரிந்துவிடும். பங்குத்தந்தையிடம் நேரம் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தவிர்த்து மற்ற நாளில் செல்லுங்கள். பெரம்பூர், இராயபுரம் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கு, சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் படிகள் இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. இசுலாமியக் குடும்பங்கள் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டையும் கபரஸ்தான் பதிவையும் பார்க்கலாம்.

இந்துக் குடும்பங்களுக்குக் குலதெய்வக் கோயிலே பதிவேடு. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும் நோட்டில், ஊரை விட்டுப் போனவர்களின் குடும்பங்களும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். பொன்னேரிப் பக்கத்து ஊரில் எனக்குக் கிடைத்ததும் அப்படி ஒரு நோட்டுதான். பூசாரியின் பேரன் ஒரு பழைய கணக்கு நோட்டைப் பிரித்து, என் கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் பெயரையும் அதற்குக் கீழே ‘பட்டணம்’ என்று எழுதி இரண்டு மகன்களின் பெயர்களையும் காட்டினார். இரண்டாவது மகன் ஒருவர் இருந்தார் என்பதையே நாங்கள் அறிந்திருக்கவில்லை.

மயானங்களில் காசிமேடு, ஓட்டேரி, மூலகொத்தளம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். 1939-இல் சிறையிலிருந்தபோது உயிர் நீத்த மொழிப்போர் ஈகியர் நடராசனும் தாளமுத்துவும் மூலகொத்தளத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார்கள். கல்லறைக் கல்லில் எழுத்து மங்கியிருந்தால் சுண்ணாம்போ பவுடரோ பூசித் தேய்க்க வேண்டாம். மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுத்தால் எழுத்துத் தெளியும்.

பர்மாவிலிருந்து வந்தவர்கள், வாக்காளர் பட்டியல்

வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பியவர்களின் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. தாயகம் திரும்பியவர் என்று காட்டும் சான்று, மறுவாழ்வுக் கடன் தாள், மனை ஒதுக்கீட்டு ஆணை ஆகியவற்றில் குடும்பத்தார் அனைவரின் பெயரும் வயதும் இருக்கும். பர்மாவில் இருந்த ஊரும் இருந்தால் உங்கள் தேடல் கடல் தாண்டிச் செல்லும். குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளில் வாழ்கிறவர்களுக்கும் ஒதுக்கீட்டு ஆணைதான் முதல் திறவுகோல். அந்த வாரியம் 1970-இல் தொடங்கப்பட்டது.

வாக்காளர் பட்டியலில் தகப்பன் அல்லது கணவர் பெயர், கதவு எண், வயது ஆகியவை உள்ளன. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் 2002-ஆம் ஆண்டுப் பட்டியல்களும் சில தொகுதிகளுக்கு 2005-ஆம் ஆண்டுப் பட்டியல்களும் கிடைக்கின்றன. தொகுதி எல்லைகள் 2008-இல் மாற்றப்பட்டதால், இன்று கொளத்தூரிலோ திரு.வி.க. நகரிலோ உள்ள தெருவை அன்றைய தொகுதியின் பெயரில் தேட வேண்டும். எழும்பூரில் 1909 முதல் இயங்கும் ஆவணக் காப்பகத்தையும், அருகிலேயே உள்ள கன்னிமாரா நூலகத்தையும் இறுதியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டும் ஊரும் தெரியாமல் அங்கே போனால் அரிய ஆவணங்களுக்கு நடுவில் நாள் முழுவதும் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

எழுதி வைக்கும் முறை

ஒருவருக்கு ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு செய்திக்கும் நேரே, அது எந்தத் தாளில், எந்த அலுவலகத்தில், எந்த நாளில் கிடைத்தது, அல்லது யார் சொன்னார் என்று எழுதுங்கள். இரண்டு தாள்கள் முரண்பட்டால் ஒன்றை அடித்துவிட வேண்டாம். இரண்டையும் எழுதி, நிகழ்ச்சிக்கு மிக அருகில் எழுதப்பட்டது எது என்று பக்கத்தில் குறியுங்கள். மூலத்தாள்களை லேமினேட் செய்யக் கூடாது. அது பழைய தாளைக் கெடுத்துவிடும், பிரிக்கவும் முடியாது. பகல் வெளிச்சத்தில் இருபுறமும் படம் எடுத்துவைத்துக்கொண்டு, தாளைக் காடா துணியில் சுற்றி உலர்ந்த இடத்தில், தரையிலிருந்து உயரமாக வையுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் ஆதார் எண்ணையும் எவருக்கும் அனுப்ப வேண்டாம். பழைய பத்திரங்களில் சாதிப் பெயர்கள் இன்று எவரும் சொல்லக் கூசும் விதத்தில் எழுதப்பட்டிருக்கும்; நோட்டில் உள்ளபடி படியெடுத்துக்கொள்ளுங்கள், குடும்பத்தாருக்குக் கொடுக்கும் கிளைப்படத்தில் அவை தேவையில்லை.

எங்கள் நோட்டில் இப்போது இரண்டாவது மகனுக்கு ஒரு பக்கம் திறந்திருக்கிறது. அவர் பெயரும் தகப்பன் பெயரும் ‘பட்டணம்’ என்ற சொல்லும் அதில் உள்ளன. தம்பி அண்ணன் வீட்டில்தான் வந்து தங்கியிருப்பார் என்ற எண்ணத்தில், புளியந்தோப்பின் அதே தெருவுக்கு 1930 முதல் 1950 வரையிலான இறப்புப் பதிவுகளைக் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் மண்டல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.